கார்னெட்டில் வந்த கார் கானாடுகாத்தானில் தங்காது

கேள்வி: "என் அண்ணன் மகன் லாஸ் ஏஞ்சல்ஸில் தொழில் செய்கிறான். போன வருஷம் அங்கே ஜிங்கர் 21சி என்ற ஹைப்ரிட் காரை வாங்கி, தன் பெயரில் பதிவும் செய்துவிட்டான். என் அண்ணனுடைய அறுபதாம் கல்யாணத்துக்கு அதை இங்கே கொண்டுவந்து வீட்டு முகப்பில் நிறுத்த வேண்டும், பிறகு ஊரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறான். 'கார்னெட்டில் இறக்கிவிடலாம், ஆறு மாதம் கழித்து தமிழ்நாட்டு நம்பர் வாங்கித் தருகிறேன், ஹைப்ரிட் என்பதால் மின்சாரக் காருக்கு உள்ள வரிதான்' என்கிறார் ஒரு ஏஜென்ட். முன்பணமாக 15 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?" - கானாடுகாத்தான் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். கல்யாணத்துக்குக் காரைக் கொண்டுவர வழி இருக்கிறது. ஊரிலேயே வைத்துக்கொள்ள வழி இல்லை. ஏஜென்ட் இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுத்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்.

முதலில் கார்னெட். வெளிநாட்டில் வசிப்பவர் சுற்றுலாப் பயணியாக வரும்போது தன் காரை வரி கட்டாமல் கூடவே கொண்டுவந்து, திரும்பும்போது எடுத்துப் போவதற்கான ஏற்பாடு அது. அதற்கென்று வாகனச் சங்கம் ஒன்று, உத்தரவாதத் தொகை கட்டச் சொல்லி ஒரு புத்தகம் தரும். அதன் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதியாக இருக்கும். கார் உள்ளே வரும்போது கீழ்ப்பகுதியைச் சுங்க அதிகாரி கிழித்து வைத்துக்கொள்வார். வெளியே போகும்போது நடுப்பகுதியைக் கிழிப்பார். மேல்பகுதி புத்தகத்திலேயே நிற்கும். அதில் வந்ததற்கு ஒரு முத்திரை, போனதற்கு ஒரு முத்திரை. போனதற்கான முத்திரை விழவில்லை என்றால் கார் இன்னும் இந்தியாவில் இருக்கிறது என்றுதான் கணக்கு. ஆறு மாதத்துக்குள் அந்த முத்திரை விழ வேண்டும். விழாவிட்டால், புத்தகம் கொடுத்த சங்கத்தின் தலையில் வரி விழும், சங்கம் உங்கள் பிள்ளை கட்டிய உத்தரவாதத் தொகையில் கை வைக்கும். காரையும் பறிமுதல் செய்வார்கள். இந்தப் புத்தகத்தைக் காட்டி எந்த ஆர்டிஓ அலுவலகத்திலும் நம்பர் பிளேட் வாங்க முடியாது. "ஆறு மாதம் கழித்து" என்று எந்த ஏஜென்ட் வாயிலிருந்து வந்தாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கார்னெட் காரை விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் கொடுக்கவோ கூடாது. எனவே கல்யாண வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைமார் ஆளுக்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். இதில் நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள்.

சரி, முறைப்படி வரி கட்டி நிரந்தரமாகக் கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். கலிஃபோர்னியாவில் ஒரு தடவை பதிவு செய்துவிட்டாலே நம் சட்டத்துக்கு அது பழைய கார். நூறு கிலோமீட்டர்கூட ஓடாமல் இருந்தாலும் பழைய கார்தான். பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும், தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். 21சி-யில் ஓட்டுநர் நட்டநடுவே உட்காருகிறார், இன்னொருவர் அவருக்கு முதுகுப்புறம். விதியில் இருப்பது 'வலப்பக்கம்' என்ற ஒற்றை வார்த்தை. நடுவில் உட்கார்ந்து ஓட்டும் கார் உலகத்தில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி சேர்க்க நம் ஆட்களுக்கு நேரமில்லை. சுங்கத்தில் கேட்டால் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தைக் கேள் என்பார்கள், அங்கே போனால் போக்குவரத்து அமைச்சகத்தைக் கேள் என்பார்கள். இந்த அலைச்சல்தான் ஏஜென்டுகளுக்குச் சோறு போடுகிறது.

வரியும் ஏஜென்ட் சொல்கிற மாதிரி இல்லை. 5 சதவீத ஜிஎஸ்டி, பேட்டரியில் மட்டுமே ஓடும் காருக்கு. உங்கள் பிள்ளையின் காரில் 2.88 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது, இரண்டு டர்போ வேறு. முன் சக்கரங்களுக்கு இரண்டு மோட்டார் இருப்பதால் அது மின்சாரக் கார் ஆகிவிடாது. இப்போதைய கணக்குப்படி, இந்த விலையில் ஒரு கார் புதிதாக வந்தாலே அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதம், விவசாய உள்கட்டமைப்பு செஸ் 40 சதவீதம், எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம். 100 ரூபாய்ச் சரக்கு 294 ரூபாய் ஆகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் சாலை வரி 20 சதவீதம். அதையும் சேர்த்தால் 350-ஐத் தாண்டும். பழைய காருக்கு இதைவிடக் கூடுதல். மொத்தமே 80 கார்கள்தான் என்று அறிவித்த, ஏறக்குறைய 20 லட்சம் டாலர் விலையுள்ள வண்டி இது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்து பில் போடலாம் என்பார் ஏஜென்ட். இந்தக் காரின் விலை ஊரறிந்தது. மாட்டினால் கார் போகும், அபராதமும் வரும், வழக்கு உங்கள் பிள்ளை பெயரில்தான் வரும்.

வேறு மாநில நம்பர் வாங்கித் தருகிறேன் என்றும் இழுப்பார். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று சோதனை நடத்தியது. பூடான் வழியாகக் கொண்டுவந்து, போலி ஆவணத்தில் வேறு மாநிலங்களில் பதிவு செய்து விற்ற கார்களைத் தேடித்தான் போனார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டு வாசலில் நின்ற கார்களைத்தான் எடுத்துப் போனார்கள்.

கடிதத்தின் கடைசியில், முக்கியப் பாகங்களை 3டி பிரின்ட் செய்த இந்தக் கார் நம் ரோட்டைத் தாங்குமா, உடைந்தால் கோவையில் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் பொம்மை மாதிரி நினைக்க வேண்டாம். அலுமினியக் கலவைப் பொடியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக வளர்த்தெடுக்கும் உலோகம் அது. பலம் வேண்டிய இடத்தில் மட்டும் உலோகம் இருக்கும்படி கணினி வடிவம் கொடுக்கிறது. அதனால் பாகங்கள் எலும்பு மாதிரி வளைந்து நெளிந்து இருக்கும். பாகங்களை ரோபோக்கள் பசையிட்டு ஒட்டுகின்றன. பலத்தில் குறை இல்லை. ஆனால் வளைந்தால் தட்டி நிமிர்த்த முடியாது, பாகத்தையே மாற்ற வேண்டும். உலோகத்தை பிரின்ட் செய்யும் திறமை நம்மிடமும் உண்டு. ஒரே துண்டாக பிரின்ட் செய்த ராக்கெட் எஞ்சினைச் சென்னை அக்னிகுல் நிறுவனம் 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவில் பறக்கவே விட்டது. ஆனால் உங்கள் காரின் வரைபடக் கோப்பும் கலவையும் கம்பெனியின் சொத்து. அதைத் தர மாட்டார்கள். கோவையில் நகல் எடுத்து மாட்டினால் உயிருக்கு ஆபத்து.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் பிள்ளை அமெரிக்காவில் தன் பெயரில் கார்னெட் எடுக்கட்டும். லித்தியம் பேட்டரி உள்ள வண்டி என்பதைக் கப்பல் கம்பெனியிடம் முதலிலேயே எழுத்தில் சொல்லட்டும். இங்கே துறைமுக வேலைக்குச் சுங்க உரிமம் பெற்ற தரகரை மட்டும் பிடியுங்கள், உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். துறைமுகத்திலிருந்து மூடிய லாரியிலேயே ஊருக்குக் கொண்டுவாருங்கள். அவ்வளவு தாழ்வான வண்டி நம் வேகத்தடைகளை ஏறி வர முடியாது. தெருவில் எடுப்பதானால் இந்தியாவில் செல்லும் மூன்றாம் நபர் காப்பீடும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஓட்டுவது உங்கள் பிள்ளையாகவே இருக்க வேண்டும். திரும்பிப் போகும் கப்பலுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே இடம் பிடித்துவிடுங்கள். ஐந்தாவது மாதத்தில் தேடினால் கிடைக்காது.

ஏஜென்டிடம் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதைத் தேதி போட்டு எழுதி, பணத்தை வங்கி வழியாகத் திருப்பித் தரச் சொல்லி இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.