பாய்லர் ஷாப்பில் காது போனவர், செபமாலையை உரக்கச் சொன்னவர்

“ஊர் உலகத்துக்குப் பெயர் தெரியாமல், நீண்ட காலம் நிறைவாக வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவின் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். 1931-இல் பிறந்தவர், 2023-இல் தமது 92-ஆவது வயதில் காலமானார். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் பாய்லர் மேக்கர். கத்தோலிக்கர்.

அவருடைய அப்பா நாகப்பட்டினத்துக்காரர். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முதலில் நாகையில்தான் இருந்தது. 1928 வாக்கில் அது பொன்மலைக்கு மாறியபோது, தொழிலாளர் குடும்பங்கள் பலவும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தன. எங்கள் குடும்பம் அப்படி வந்ததுதான். வேளாங்கண்ணி மாதா பக்தியும் கூடவே வந்தது. தாத்தா 1950-இல் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருடமே தென்னிந்திய ரயில்வே, தெற்கு ரயில்வேயாக ஆனது. 58 வயதில், 1989-இல் ஓய்வு பெற்றார். வேலைக் கணக்கு இவ்வளவுதான்.

பாய்லர் ஷாப் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அவரைப் புரியும். நீராவி எஞ்சினின் பாய்லரை அப்போது ரிவிட் அடித்துத்தான் இணைப்பார்கள். பழுக்கக் காய்ச்சிய ரிவிட்டைத் துளையில் செருகி, ஒரு பக்கத்திலிருந்து ஒருவர் காற்றுச் சுத்தியலால் அடிக்க, மறுபக்கத்தில் இன்னொருவர் கனமான இரும்பை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். சில நேரம் அந்த இன்னொருவர் பாய்லருக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். நாலு பக்கமும் இரும்பு. சத்தம் வெளியே போக வழியில்லை. தாத்தா இளவயதில் உள்ளே உட்கார்ந்தவர். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்களாம், அது எந்த மூலைக்கு? நாற்பத்தைந்து வயதுக்குள் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. பாய்லர் வேலை செய்தவர்களுக்கு எந்த நாட்டிலும் நடந்ததுதான் இது.

தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் எதையும் உரக்கத்தான் சொல்வார். செபத்தையும் அப்படித்தான். தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் செபமாலை. அது முடிந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவோம். அவர் மட்டும் முழங்காலில் நின்று தன் சொந்த மன்றாட்டைத் தொடங்குவார். மனதுக்குள் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். வீடு முழுக்கக் கேட்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

அந்த மன்றாட்டில்தான் நாங்கள் அவரைத் தெரிந்துகொண்டோம். நேரில் ரொம்பப் பேசாத மனிதர். யாருடைய மகனுக்கு அப்ரண்டிஸ் வேலை கிடைக்க வேண்டும், யாருடைய மனைவிக்கு ஆபரேஷன், எந்த சார்ஜ்மேனோடு, அதாவது மேற்பார்வையாளரோடு, அன்றைக்குச் சண்டை, அந்தச் சண்டையில் தான் பேசிய எந்த வார்த்தைக்கு மன்னிப்பு, எல்லாம் வந்துவிடும். நான் கணக்கில் மார்க் குறைவாக வாங்கியதும் மாதாவிடம் போயிருக்கிறது. ஒருமுறை என் பெரியம்மாவின் கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே தாத்தா அவருடைய குடியைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். “அந்தப் பிள்ளையை வெறுக்காம இருக்க எனக்குப் பலம் குடு தாயே” என்று கேட்டார். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றே குடியை விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன், அதற்குப் பல வருடங்கள் ஆயின. ஆனால் அதற்கப்புறம் தாத்தா முன்னால் அவர் குரலை உயர்த்தியதே இல்லை.

பக்தர் என்றால் தொழிற்சங்கத்தை விட்டு ஒதுங்கி இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். 1946 செப்டம்பர் 5-இல் பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் இறந்தார்கள். அப்போது தாத்தாவுக்குப் பதினைந்து வயது. அந்த நாளைக் கடைசிவரை அனுசரித்தார். மே 1 அவருக்கு இரட்டைத் திருநாள். தச்சுத் தொழிலாளியான புனித சூசையப்பரை உழைப்பாளர்களின் பாதுகாவலராக அந்தத் தேதியில் கொண்டாட வேண்டும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் ஏற்படுத்தினார். ஆகவே காலையில் பூசை, சாயங்காலம் செங்கொடி ஊர்வலம். இரண்டுக்கும் அதே வெள்ளைச் சட்டை. 1974-இல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில், மே 8 முதல் 27 வரை, அவரும் வேலைக்குப் போகவில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்த நேரம் அது. சம்பளம் இல்லை, வீட்டில் ஐந்து பிள்ளைகள். பாட்டியின் தோடு அடகுக்குப் போனது. தாத்தா காலைப் பூசையை ஒருநாளும் விடவில்லை, சங்கக் கூட்டத்தையும் விடவில்லை.

சிறுவயதில் பூசை உதவி செய்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற உலக ஆயர்கள் மாநாட்டுக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் லத்தீன் பதிலுரைகள் 90 வயதிலும் தடங்கல் இல்லாமல் வரும். உடம்பில் தெம்பு இருந்தவரை, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நடந்தே வேளாங்கண்ணிக்குப் போவார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவார். செப்டம்பர் 8 திருநாள் வரை தங்க லீவு கிடைக்காது.

குறையே இல்லாதவரா என்றால், இல்லை. கூட்டுறவு சொசைட்டி லோனுக்கு ஜாமீன் கையெழுத்து என்று யார் வந்து நின்றாலும் போட்டுவிடுவார். வாங்கியவர் கட்டாவிட்டால் இவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தப் பணம் பாட்டியின் அடுப்பிலிருந்து போன பணம். என் அம்மாவுக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்த வருடம் அப்படி ஒரு பிடித்தம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா படிக்க முடியவில்லை. தாத்தாவை நான் எவ்வளவு நேசித்தாலும், இதைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. தானம் செய்கிறவர் தன் பங்கிலிருந்து மட்டும் செய்வதில்லை, வீட்டுப் பெண்களின் பங்கிலிருந்தும் செய்கிறார். அவர் இதை உணர்ந்திருந்தார் என்பதும் அந்த இரவு மன்றாட்டில்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். அம்மாவிடம் நேராகக் கேட்டதில்லை.

அடக்கத்தன்று சங்கத்துக்காரர்கள் பெட்டி மேல் செங்கொடி போர்த்தினார்கள். கோவில் வாசலில் அவர்களே அதை மடித்து எடுத்துக்கொண்டார்கள், பூசை முடிந்து வெளியே வந்ததும் மறுபடி போர்த்தினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஜாமீன் கையெழுத்து வாங்கிக் கடைசிவரை கட்டாத ஒருவரும் வந்திருந்தார். பாட்டி அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. மாதாமாதம் தாத்தாவின் ஆன்மாவுக்காகப் பூசைக்கு எழுதிக் கொடுப்பதும் பாட்டிதான்; கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த லோன் கதையை எங்களிடம் முதலிலிருந்து சொல்வார்.