கூடாரத்துக்கு அடியில் தனி விரிப்பு தேவையா?

வணக்கம். 20 டெனியர் (நூலின் தடிமன் அளவு; 20 என்றால் மிக மெல்லியது) நைலான் தரை கொண்ட, ஒருவர் தங்கும் கூடாரத்துடன் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்குக்குச் செல்லவிருக்கும் நீங்கள், கடைக்காரர் வற்புறுத்தும் அரைக் கிலோ கிரவுண்ட்ஷீட்டையும் (கூடாரத்துக்கு அடியில் போடும் விரிப்பு) சுமக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விரிப்பு வேண்டும், அந்த அரைக் கிலோ வேண்டாம்.

லடாக் மழைமறைவுப் பகுதி என்பதால், ஈரத்தைவிடக் கூரிய சரளையும் முள்ளுமே அங்கே மெல்லிய துணிக்குப் பகை. விரிப்பு கிழிந்தால் வேறொன்று வெட்டிக்கொள்ளலாம், கூடாரத்தின் தரையை அப்படி மாற்ற முடியாது. டைவெக் எனும் கிழியாத செயற்கை இழைத் தாளையோ 50 மைக்ரான் பாலித்தீன் தாளையோ அளவாக வெட்டினால் எடை 150 கிராம் அளவில் முடிந்துவிடும்.

வெட்டும்போது நாற்புறமும் கூடாரத் தரையைவிட 5 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள், தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், என்றோ பெய்யும் மழையிலும், மேல்துணியிலிருந்து வழியும் நீரை அதுவே ஏந்தி உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து தேக்கிவிடும். (நானும் ஒருமுறை இப்படி நனைந்து, கூடாரம் ஒழுகுகிறது என்று வீணாகக் குறைகூறியிருக்கிறேன்.)

குளிரைத் தடுக்கும் என்று மட்டும் இதை நம்பாதீர்கள். அந்தப் பாதையில் 4,700 மீட்டருக்கு மேலுள்ள நிமாலிங் முகாமிடத்தில் அந்த வேலையை உறங்கும் பாய்தான் செய்யும். எடையில் மிச்சப்படுத்தியதை அதற்குச் செலவிடுங்கள்.