பூமியிலிருந்து சரக்கே வராத நிலவுக் குடியிருப்பில், மக்கள் தாமாக என்ன ஆயுதம் செய்ய முடியும்?

கதைக்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கதை எழுதுபவர்கள் எடுத்த எடுப்பிலேயே லேசருக்குப் போய்விடுகிறார்கள். நான் திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்தும் கடைச்சல் பட்டறை வைத்திருப்பவன். ஆயுதத்தை விடுங்கள், அதற்கான மூலப்பொருள் எங்கே என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

கத்தி அடிக்க எங்கள் கொல்லர்கள் பழைய லொறியின் ஸ்பிரிங் தகட்டைத் தேடுவார்கள். உலையில் செக்கச் சிவக்கப் பழுக்கவைத்து, அடித்து, எண்ணெயில் தோய்த்தால் கூர் நிற்கும். இரும்போடு காபன் கலந்திருப்பதால்தான் அது நடக்கிறது. நிலவில் இரும்புக்குப் பஞ்சமில்லை. காபன்தான் மிக அரிது. இங்கே வடக்கில் புல்மோட்டைக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கும் இல்மனைட் என்ற கனிமம் அங்கேயும் உண்டு. அப்பல்லோ 11, 17 பயணங்கள் கொண்டுவந்த பாறைகளில் அது தாராளமாகவே இருந்தது. அதிலிருந்து இரும்பும் டைட்டேனியமும் சுவாசிக்க ஒட்சிசனும் எடுக்கலாம். டைட்டேனியக் கத்தி சீக்கிரம் மழுங்கிவிடும், ஈட்டிமுனைக்குப் போதும்.

வெற்றிடத்தில் துவக்கு வெடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். வெடிமருந்து தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. 1975இல் சோவியத்தின் சல்யூட் 3 நிலையத்தில், ஆட்கள் இல்லாத நேரத்தில், ஒரு பீரங்கியைச் சுட்டே பார்த்துவிட்டார்கள். நிலவில் தட்டுப்பாடாகப்போவது வெடிமருந்துதான். வெடியுப்புக்கு நைதரசன் வேண்டும். நிலவு மண்ணில் அது இல்லையென்றே சொல்லலாம். கையிருப்பில் உள்ளது பயிருக்குப் போகவேண்டியது. அதைத் துவக்கில் எரிப்பவனை அவனுடைய சனமே சும்மா விடாது. செவ்வாயில் நிலைமை வேறு: அங்கே மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008இல் பீனிக்ஸ் விண்கலம் கண்டது. திட ராக்கெட் எரிபொருளில் ஒட்சிசனுக்காகச் சேர்ப்பதும் அந்த இனத்து உப்புத்தான்.

ஆகவே நிலவில் மிஞ்சுவது குறுக்குவில், காற்றழுத்தத் துவக்கு போன்றவைதான். சுட்டதில் குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழுந்தால் எல்லோரும் அந்தக் கணமே செத்துவிடுவார்கள் என்று எழுதிவிடாதீர்கள். 2018இல் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் துளை தென்பட்டது. அழுத்தம் மெல்லத்தான் குறைந்தது, பசை பூசி அடைத்தார்கள்.

வெளியே கணக்கே வேறு. காற்று இல்லை, ஈர்ப்பும் ஆறில் ஒரு பங்கு. வினாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் 45 பாகை மேல்நோக்கிச் சுட்ட குண்டு 300 கிலோமீட்டர் தாண்டித்தான் விழும்.

நிலவிலிருந்து சரக்கை விண்ணுக்கு எறியும் மின்காந்தப் பாதை ஒன்றைக் கட்டியிருந்தார்களானால் அதுவே பீரங்கி. அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீலின் குழுவினர் 1970களிலேயே அதன் சிறிய மாதிரியைச் செய்து காட்டினார்கள். வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் ஒரு கிலோ கல்லின் ஆற்றல், ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்தைவிடச் சற்று அதிகம். ஆனால் நிலத்தோடு பதிந்து நீண்டு கிடக்கும் அந்தப் பாதையை நினைத்த பக்கம் திருப்ப முடியாது. பக்கத்துக் குடியிருப்போடு வரும் சண்டைக்கு அது உதவாது.

அந்தச் சண்டைக்கு உங்கள் ஆட்களின் கையில் ஸ்பானரைக் கொடுத்து, ஒட்சிசன் ஆலையின் வால்வு அறைக்கு அனுப்புங்கள். அதைப் பிடித்தவர்களுக்குத் துவக்கு தேவைப்படாது.