தொடர்ச்சி நாவல் முதல் பாகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அது குறைதானே?

பெரும்பாலும் குறைதான். ஆனால் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் '2010: ஒடிசி டூ' நாவலை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1968இல் வந்த முதல் நாவலான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் விண்கலம் சனிக்குப் போகும். 1982இல் வந்த தொடர்ச்சியிலோ அதே கலம் வியாழனைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். பதினேழு வயதில், மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தபோது புத்தகம் மாறிவிட்டதோ என்று குழம்பிப்போனேன். முதல் நாவலோடு வந்த திரைப்படத்தில் வியாழன்தான். கிளார்க் தன் நாவலை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டார்.

இடையில் 1979இல் நாசாவின் இரண்டு வொயேஜர் கலங்களும் வியாழனைக் கடந்து போயிருந்தன. மார்ச்சில் எடுத்த படத்தில் வியாழனின் அயோ நிலவில் எரிமலை கக்குவது தெரிந்தது. பூமிக்கு வெளியே அப்படியொன்றைக் கண்டது அதுதான் முதல் தடவை. (என் மச்சான் அதை 'ஐயோ' என்றுதான் வாசிப்பார். பொருத்தம்தான்.) ஜூலையில் இன்னொரு நிலவான யூரோப்பாவின் தெளிவான படங்கள் வந்தன: உடல் முழுக்கக் கீறல் விழுந்த பனிக்கட்டி உருண்டை. வியாழனின் ஈர்ப்பு பிசைந்து பிசைந்து சூடாக்குவதால் பனிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்றார்கள். கிளார்க் தன் நாவலில் அந்தக் கடலுக்குள் உயிரினங்களைக் குடிவைத்தார். தண்ணீர் நிரப்ப இறங்கிய சீனக் கலத்தை, வெளிச்சத்தைத் தேடிப் பனியை உடைத்துக்கொண்டு ஊர்ந்து வரும் ஒன்று சாய்த்துவிடும். அதை வாசித்த இரவு கிணற்றடிக்குப் போகவே எனக்குத் துணிவில்லை.

எங்கள் வாவியில் நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். பாடுவதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. இந்த ஊர்க்காரனுக்கு யூரோப்பாவை நம்புவது கஷ்டமா? கிளார்க் எழுதியதும் கொழும்பில் இருந்துதானே.

மனிதர்களைப் பொறுத்தவரை நாவல் சுமார்தான், எல்லாரும் ஒரே மாதிரிக் கதைப்பார்கள். 2010இலும் சோவியத் ஒன்றியம் இருக்கும்! ஆனால் புதிய படங்கள் வந்த பிறகு பழைய கதையைக் கட்டிக்கொண்டு அழாததுதான் எனக்குப் பிடித்தது. இவை ஒரே கதையின் நேரான தொடர்ச்சியல்ல, ஒரே கருவின் வேறுபட்ட வடிவங்கள் என்று அவரே பின்னால் எழுதினார்.

யூரோப்பாவில் மட்டும் இறங்காதீர்கள் என்று நாவலில் ஓர் எச்சரிக்கை வரும். 2024 அக்டோபரில் நாசா ஏவிய யூரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனைச் சேரும். யூரோப்பா அருகே தங்காமல் வந்துவந்து போகும். கதிர்வீச்சுத்தான் காரணம் என்று எத்தனை தரம் சொன்னாலும், கிளார்க்குக்குப் பயந்துதான் என்கிறார் மச்சான்.