பட்டம் படிக்க 1,40,000 ரூபாய் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் 24,000 ரூபாய். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டதால் பதவி உயர்வு தள்ளிப்போகிறது. இங்குள்ள ஒரு கல்வி மையம், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் பி.காம். பட்டத்தை ஒரே ஆண்டில் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. கட்டணம் 1,40,000 ரூபாய். தனிநபர் கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம், வரிச் சலுகையும் உண்டாம். 2,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். வங்கியில் 90,000 ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது. மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. என்ன செய்யலாம்?

பதில்: படியுங்கள் சகோதரி, ஆனால் அந்த மையத்தில் வேண்டாம், அந்தக் கடனும் வேண்டாம்.

மூன்று ஆண்டுப் பட்டத்தை ஓராண்டில் தர யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் இடமே இல்லை. தொலைநிலைப் படிப்பைத் தனியார் மையத்துக்குக் குத்தகை விடுவதற்கும் அனுமதி இல்லை. வெளிமாநிலத்தின் மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் அதற்கு இங்கே மையம் நடத்தும் அதிகாரமும் கிடையாது. நாளை உங்கள் நிறுவனம் சான்றிதழைச் சரிபார்க்க அனுப்பினால், பணத்தோடு பெயரும் போய்விடும்.

கடனையும் கணக்கிட்டுப் பார்த்தேன். 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 4,785 ரூபாய். வட்டி மட்டும் 32,000 ரூபாயைத் தாண்டுகிறது. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். வரிச் சலுகை என்பது வெறும் ஆசைகாட்டல். கல்விக் கடன் வட்டிக்கான சலுகை பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. உங்கள் சம்பளத்துக்கு வருமான வரியே வராது, பிறகு எதில் கழிப்பது?

இதே பி.காம். பட்டத்தைத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிக்கலாம். வயது தடையில்லை. முறையான அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் கல்லூரிக்குப் போய்ப் பெற்ற பட்டமும் சமம் என்று 2022இல் யுஜிசி தெளிவுபடுத்திவிட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்து வரிசையாகப் பட்டத்துக்கு வருகிறீர்கள் என்பது உங்களுக்குப் பெரிய பலம். அவற்றை முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்கள்தாம் தமிழக அரசு வேலைக்குப் போகும்போது சிக்கலில் மாட்டுகிறார்கள். சேர்வதற்கு முன், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (சுருக்கமாக டெப்) இணையதளத்தில் அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்பு அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கைக்குத் தேவையான டெப் எண்ணை அங்கே நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள், இடைத்தரகரிடம் விடாதீர்கள்.

கட்டணம் குறைவுதான். ஆனால் தேர்வுக் கட்டணம், நேர்முக வகுப்புக்கான பஸ் செலவு, தேர்வு நாட்களில் சம்பளமில்லா விடுப்பு ஆகியவற்றைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பாதியில் நிறுத்துகிறவர்களைச் சோர்வடையச் செய்வது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளும் நேரமின்மையும்தான். மாதம் 1,000 ரூபாய்க்கு ஓராண்டு ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்குங்கள், அந்த 12,000 ரூபாய் இவற்றுக்குப் போதும். 90,000 ரூபாயைத் தொடாதீர்கள். அது உங்கள் குடும்பத்தின் அவசர நிதி, நான்கு மாதச் சம்பளம்கூட இல்லை. மகள் அரசுப் பள்ளியிலேயே பிளஸ் டூ வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், அதையும் மனத்தில் வையுங்கள்.

மாலையில் வீட்டு வேலைக்குப் பிறகு உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்று முதலில் பார்க்க விரும்பினால், மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கணக்கியல் பாடம் ஒன்றைப் படித்துப் பாருங்கள். படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் பணம். மேலாளரிடமும் இப்போதே பேசுங்கள். பட்டம் வந்தால் எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம், தேர்வு நாட்களில் விடுப்பு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முன்பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். அது வராவிட்டாலும் கடன் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். ஆதார், பான் நகல்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் கடன் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த மாதம் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அது இலவசம்.