கட்டுத்துணிக்குள் இருப்பவர்

அன்புள்ள ஐயா,

1932இல் வந்த ‘தி மம்மி’ படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதே யுனிவர்சல் நிறுவனம் 1942இல் எடுத்த ‘தி மம்மிஸ் டூம்’ (The Mummy’s Tomb) படத்தைத் தேடிப் பார்த்தேன். பெரிய ஏமாற்றம். ஒரு மணி நேரப் படம்தான், அதையும் செல்போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் முடித்தேன். மம்மி ஒரு காலை இழுத்து இழுத்து வருகிறது, ஆட்கள் ஓடாமல் நின்று கழுத்தைக் கொடுக்கிறார்கள். நானும் நண்பர்களும் ஒரு திகில் குறும்படம் எடுக்கப்போகிறோம். மார்ச்சுவரியிலிருந்து ஒரு பாடி எழுந்து வரும் கதை. கையில் காசு கிடையாது. குறைந்த பட்ஜெட்டில் நல்ல திகில் படம் சாத்தியமா? மேக்கப்புக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? மம்மியின் சாபம் என்பதெல்லாம் உண்மையா?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கப்போகிற ஒருவர் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பதா? அதுவும் மம்மி படத்தை? மற்ற பேய்கள் பாயும், பறக்கும். மம்மி மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்தே தீரும். அந்த மெதுவில்தான் பயமே இருக்கிறது. மோசமான படத்தையும் அதன் வேகத்திலேயே பார்த்தால்தான் எந்த இடத்தில் அது கெட்டுப்போனது என்று கண்டுபிடிக்க முடியும். இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள்.

சாபம் பொய். எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையை 1922இல் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை உயிரோடு இருந்தார். பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்ததை வைத்துப் பத்திரிகைகள் கட்டிய கதை அது. விடுங்கள்.

‘டூம்’ மட்டமான படம் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஒரு மணி நேரப் படத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் 1940இல் வந்த முந்தைய படத்தின் காட்சிகளையே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தீப்பந்தத்தோடு ஓடிவரும் ஊர்க்கூட்டத்தில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்திலிருந்து எடுத்த துண்டுகள் இருக்கின்றன. முந்தைய படத்தில் ஜென்சன் என்றிருந்தவர் இதில் ஹான்சன் ஆகிவிடுகிறார். யாரும் கவலைப்படவில்லை. ஆனால் காசு இல்லாததால் படம் கெட்டது என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

1932 படத்தின் அந்த முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓர் இளம் ஆய்வாளர் மேஜையில் உட்கார்ந்து ஒரு பழைய மந்திரச் சுருளைத் தணிந்த குரலில் படிக்கிறார். பின்னால் பெட்டியில் நிற்கும் மம்மியின் இமை லேசாகப் பிரிகிறது. மார்பில் கட்டியிருந்த கை மெல்ல இறங்குகிறது. அப்புறம் நாம் பார்ப்பது மேஜைமேல் வந்து விழும் ஒரு கை, வாசலைத் தாண்டி இழுபட்டுப் போகும் துணி நுனி, அவ்வளவுதான். அந்த இளைஞர் புத்தி பேதலித்துச் சிரிக்கிறார். எழுந்து நடக்கும் மம்மியை முழுதாக நமக்குக் காட்டவே இல்லை. போரிஸ் கார்லாஃபுக்கு ஜாக் பியர்ஸ் எட்டு மணி நேரம் போட்ட மேக்கப் அது, திரையில் சில நிமிடங்கள்கூட முழுசாக வராது. உங்கள் பட்ஜெட் கேள்விக்கு இதற்குமேல் என்ன பதில் வேண்டும்?

கார்லாஃப் நடித்த இம்ஹோதெப் ஓர் ஆள். அவனுக்குப் பெயர், காதல், நினைவு எல்லாம் உண்டு. உயிரோடு புதைக்கப்பட்டவன் அவன். நமக்கு அவனைப் பார்த்தால் பயம், கூடவே அவன்மேல் இரக்கம். பின்னால் வந்த படங்களின் மம்மியான காரிஸும் உயிரோடு புதைக்கப்பட்டவன்தான். காதலித்து இறந்துபோன இளவரசியை எழுப்ப, ‘தானா’ என்ற மந்திரச் செடியின் இலையைத் திருடியதற்காக நாக்கை அறுத்தே புதைத்தார்கள். எவ்வளவு பெரிய கதை! அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? மூன்று இலைக் கஷாயத்தில் இதயம் துடிக்கும், ஒன்பது இலையில் எழுந்து நடப்பான் என்று ஒரு கணக்கு எழுதி, பூசாரி கைகாட்டும் ஆளைக் கொல்லும் அடியாளாக்கிவிட்டார்கள். ‘டூம்’ படத்தில் அவனை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறார்கள். ஏன், யாருக்காக என்று அவனுக்கென்று ஒரு மனசே கிடையாது. அங்கே அவனுடைய கல்லறையைத் தோண்டிய ஸ்டீவ் பேனிங் வயதாகி, தன் வீட்டில் உட்கார்ந்து குடும்பத்துக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தப் படத்தின் திகில் முழுக்க அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. இன்னொருவர் கல்லறையை உடைத்ததை ஒருவர் தன் மகனுக்கும் அவன் மணக்கப்போகும் பெண்ணுக்கும் சாகசக் கதையாகச் சொல்ல முடிகிறதே, அது எப்படி? கேமராவை அந்த முகத்தின்மேல் கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தால் போதும். செலவே கிடையாது. ஆனால் இறந்தவர் பக்கம் நின்று யோசிக்க அந்தப் படத்தில் ஒருவரும் இல்லை.

நிஜத்தில் நடந்தது இதைவிட மோசம். 1925 நவம்பரில் துட்டன்காமனின் உடலைப் பிரித்தார்கள். மேலே ஊற்றிய வாசனைப் பிசின் இறுகி, உடல் பெட்டியோடும் தலை தங்க முகமூடியோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியைச் சூடாக்கிப் பெயர்த்தார்கள். தலையைத் தனியாகவும் கைகால்களைத் தனியாகவும் எடுத்துவிட்டு, பிறகு மணல் பரப்பிய தட்டில் முழு உடல் போலத் தெரியும்படி அடுக்கிவைத்தார்கள். இறக்கும்போது அவனுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. உலகம் தங்க முகமூடியைப் பார்த்து வியந்தது.

ஏறக்குறைய மூவாயிரம் வருடங்களுக்கு முன்னால் அதே மண்ணில் வேறு சிலர் நடந்துகொண்ட விதத்தையும் பாருங்கள். கல்லறைத் திருட்டு பெருகியபோது பூசாரிகள் பழைய மன்னர்களின் உடல்களை எடுத்து, கிழிந்த துணியை மாற்றி மறுபடி சுற்றி, துணியின் மேலேயே மையால் பெயரை எழுதி, தேர் எல் பஹ்ரி மலைக்குள் ஒளித்துவைத்தார்கள். 1881இல் அந்தப் பொந்தைக் காலிசெய்து கப்பலேற்றினார்கள். இரண்டாம் ராம்சேஸும் அவர் தந்தை சேத்தியும் அந்தக் கப்பலில் போனார்கள். நைல் கரையில் பெண்கள் தலைவிரித்து ஒப்பாரி வைத்தார்கள் என்றும், ஆண்கள் துப்பாக்கி வெடித்து மரியாதை செய்தார்கள் என்றும் சொல்வார்கள். அவர்களுக்கு அது இழவு.

என் பெரியம்மாவோடு கல்கத்தா இந்தியன் மியூசியத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மம்மி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் முண்டியடித்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டார். “ஆம்பளையா பொம்பளையாடா? யாரு பெத்த பிள்ளையோ” என்றார். வெளியே வந்ததும் சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பிணத்தைப் பார்த்துவிட்டுத் தலைமுழுகாமல் சாப்பிடுவதா என்று கேட்டார். அறைக்குத் திரும்பிக் குளித்து, ஈரத்தலையோடு திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டார். அந்தக் கூட்டத்தில் ஒரு சாவைப் பார்த்தவர் அவர் மட்டும்தான்.

உங்கள் கடிதத்தில் ‘ஒரு பாடி எழுந்து வரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. மார்ச்சுவரியில் கிடப்பவர் எந்தத் தெரு, என்ன வேலை பார்த்தார், அவரை வாங்கிப்போக ஏன் யாரும் வரவில்லை? உங்களுக்கே தெரியாவிட்டால் அவர் எழுந்து வந்து யாரிடம் என்ன கேட்பார்? காரிஸ் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நடக்கத்தான் போகிறார்.

எகிப்தியரான ஷாதி அப்தெல் சலாம் 1969இல் ‘அல் மூமியா’ என்று ஒரு படம் எடுத்தார். அந்த 1881 சம்பவம்தான் கதை. மம்மிகளைத் திருடி விற்றே தன் குலம் பிழைக்கிறது என்று அப்பா செத்த துக்கத்தில் இருக்கும் ஓர் இளைஞனுக்குத் தெரியவருகிறது. எந்த மம்மியும் எழுந்து நடக்காது. சின்ன வயதிலிருந்து தின்ற சோறு எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரிகிற நேரத்தில் எனக்கு வந்த நடுக்கம் எந்தப் பேய்ப்படத்திலும் வந்ததில்லை. 2009இல் அதைச் சுத்தப்படுத்தி மீட்டிருக்கிறார்கள். செல்போனில் வேண்டாம், நண்பர்களையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் பாருங்கள்.

மேக்கப் செலவை அப்புறம் பேசலாம். முதலில் அந்த மார்ச்சுவரியில் கிடப்பவர் யார் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். உடனே படிக்கிறேன்.