பாதயாத்திரைச் சத்திரத்தில் ராத்திரிப் பொறுப்பு

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. முட்டி வலியால் பழனிக்கு நடக்க முடியவில்லை. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் தங்கும் சத்திரத்தில் நாலு நாள் கூடமாட ஒத்தாசை செய்ய ஆசை. நூறு பேருக்குச் சமைக்கத் தெரியாது. எனக்கு அங்கே வேலை இருக்குமா? என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?
தேவகோட்டை வாசகி

பதில்: தாராளமாக இருக்கிறது. சமையல் தெரியாதது ஒரு குறையே இல்லை. குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வரை அந்த நாட்களில் அன்னதானம் போடாத ஊர் கிடையாது. பரிமாற ஆள் வரிசையில் நிற்பார்கள். பந்தி முடிந்த பிறகு, ராத்திரி பத்து மணியிலிருந்து விடியற்காலை வரை சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் தரை. நம் பக்கத்துச் சத்திரங்கள் பலவும் பழைய வீட்டு அமைப்புதான். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பார்கள். கால் கழுவிவிட்டு ஈரத்தோடு அதில் ஏறினால் வழுக்கும். கொப்புளத்தோடு நொண்டி வருகிறவர் விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம். குழாயடியிலிருந்து பட்டாலை (உயரமான கூடம்) வரை சாக்கு விரித்துவிடுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். தை மாதக் குளிரில் வெறும் கல்லில் படுத்தால் உடம்பு பிடித்துக்கொள்ளும். அதனால் பாய்க்கு மேல் ஜமுக்காளம். வளவில் பனி இறங்குவதால் வயதானவர்களுக்குக் கூரைக்கு அடியில் இடம் ஒதுக்குங்கள். காவடிகளுக்குச் சுத்தமான தனி இடம், பக்கத்தில் யாரும் படுக்காமல்.

அடுத்தது கால். வெந்நீரில் உப்புப் போட்டு அண்டாவில் வைப்பது நம் வழக்கம், களைப்புக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதில் கால் வைக்கக் கூடாது. பல பேருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். "சாமி, சுகர் இருக்கா?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இருப்பவர்களுக்குச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்தவருக்கு முள் ஏறியிருப்பதே தெரிந்திருக்காது.

கொப்புளத்தை ஊசி நூலால் கோத்து விடுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், நூல் வழியாகவே சீழ் பிடிக்கும். உடையாத கொப்புளத்தை அப்படியே விட்டுத் துணி வைத்து மூடுங்கள். உடைந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, தோலைப் பிய்க்காமல், வாசலின் தடவிக் கட்டுங்கள். சிவந்து வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோயாளியின் காலில் எந்தப் புண் இருந்தாலோ டாக்டர் பார்க்காமல் நடக்க விடாதீர்கள். "முருகன் பார்த்துக்குவான்" என்பார்கள். அங்கே நீங்கள் பழைய டீச்சராகக் கண்டிப்புக் காட்டலாம், தப்பே இல்லை. முட்டி வலியோடு கீழே உட்கார வேண்டாம். அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஸ்டூலில் உட்காருங்கள்.

சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்து வருகிறவர்கள் உண்டு. குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள், கால் மணி நேரம் கூடவே இருங்கள், தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், பெண்கள் படுகிற பாடு அங்கேதான். ராத்திரி எழுந்து போக பயந்து சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்; மறுநாள் வெயிலில் சுருண்டு விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பல்பு எரிகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நாப்கின், பழைய செய்தித்தாள், மூடி போட்ட குப்பைக்கூடை வையுங்கள். பெண்கள் உங்களிடம் கூச்சமில்லாமல் கேட்பார்கள், ஆண் தொண்டர்களிடம் கேட்க மாட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் உங்கள் பங்கு சிறியது: மதியம் வடித்த சோற்றை ராத்திரி யாருக்கும் கொடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது நிர்வாகத்தின் வேலை. பிளாஸ்டிக் கப்புக்கு 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை. எவர்சில்வர் டம்ளரும் தையல் இலையும் போதும்.

ஒன்று மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். புதிதாக ஒருவரைப் பார்த்ததும் "எந்த ஊரு, எந்தக் கோவிலு?" என்று கேட்பது நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) பக்கம் உரிமையான விசாரிப்பு. அவர்களுடைய குலப் பிரிவுகளான ஒன்பது நகரக் கோவிலுக்குள் வராதவருக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி காதில் விழும். அறந்தாங்கிப் பக்கமிருந்து வரும் கூலித் தொழிலாளியும் அதே பாயில்தான் படுக்கப் போகிறார். "எங்கிருந்து நடந்து வர்றீங்க சாமி?" என்பது எல்லோருக்கும் பொருந்தும். அதற்கு மேல் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு முந்தி விடியற்காலை மூணு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். வாசலில் நின்று பையின் பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக நடக்கச் சொல்லுங்கள்.

நாலு ராத்திரியும் நீங்களே விழிக்க வேண்டாம். இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு இரண்டு மணிக்கு முறை மாற்றுங்கள். மார்கழி பிறந்ததும் உங்கள் ஊர்ச் சத்திரத்துக் காரியக்காரரையோ காவடிக் குழுவையோ பார்த்துப் பெயர் கொடுங்கள். தை பிறந்த பிறகு போனால் சாம்பார் வாளிதான் கையில் கொடுப்பார்கள்.